அன்று நாம் எங்கே இருந்தோம்?

சங்கராபுரத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நான்கு பேர் நின்றால், பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பழைய நாட்களுக்கு வந்து சேரும். "இந்திரா காந்தியைச் சுட்ட அன்று நான் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன்" என்பார் ஒருவர். "ராஜீவ் காந்தி இறந்த மறுநாள் பஸ் இல்லாமல் திருக்கோவிலூரிலிருந்து நடந்தே வந்தேன்" என்பார் இன்னொருவர். இளையவர்கள் சுனாமியிலிருந்து தொடங்குவார்கள். யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஒருவர் சொன்னால் அடுத்தவருக்குத் தானாகவே சொல்லத் தோன்றும்.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட பேச்சு நடந்திருக்கும். நம் தாத்தா பாட்டிகளுக்கு அது 1948 ஜனவரி 30. வெள்ளிக்கிழமை மாலை காந்தியடிகளைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தியை யார் வீட்டு வானொலியில் கேட்டோம் என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. அடுத்த தலைமுறைக்கு 1984 அக்டோபர் 31. அதற்கடுத்து 1991 மே 21. பின்னர் 2004இல் ஒரே ஆண்டில் இரண்டு: ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள், டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை.

எனக்கும் ஒரு கதை உண்டு. பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட செய்தி வந்ததும் தலைமையாசிரியர் மணியை அடிக்கச் சொன்னார், எல்லா வகுப்பும் வேப்பமரத்தடியில் வரிசையில் நின்றோம், அவர் குரல் உடைந்து அழுதார், பிறகு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மரத்தின் நிழல்கூட எனக்கு நினைவிருந்தது. ஒருநாள் என் தங்கையின் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து தங்கை கேட்டாள்: "மே மாசத்துல எந்தப் பள்ளிக்கூடம் அண்ணா திறந்திருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது மே 21 செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு மேல். மறுநாள் காலைதான் நம் பக்கத்துக்குச் செய்தி வந்தது. அப்போது கோடை விடுமுறை. எனக்குப் பதினாறு வயது. அம்மாவைக் கேட்டால், "நீ அப்போ மாமா வீட்டுல இருந்தே, பஸ் ஓடலைன்னு நாலு நாள் அங்கேயே கிடந்தே" என்கிறார். அப்படியானால் அந்த மணியும் வேப்பமரமும் 1984ஆம் ஆண்டுக்கு உரியவை. அப்போது நான் நாலாம் வகுப்பு. இரண்டு மரணங்களையும் என் மனம் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அல்ரிக் நைசர் என்று ஓர் அமெரிக்க உளவியல் அறிஞர் இருந்தார். 1941 டிசம்பர் 7இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். வானொலியில் பேஸ்பால் விளையாட்டின் நேர்முக வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நிறுத்திச் செய்தி சொன்னார்கள் என்று அவர் பல்லாண்டுகள் நம்பியிருந்தார். பிறகு ஒருநாள் அவருக்கே உறைத்தது: டிசம்பரில் அங்கே பேஸ்பால் ஆடுவதில்லை. குளிர்காலம்!

அதே நைசர் பின்னாளில் ஒரு சோதனை செய்தார். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலை, அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் 44 பேரிடம் மீண்டும் அதையே கேட்டார்கள். நான்கில் ஒரு பங்கினர் சொன்னதில் எதுவும் முன்பு எழுதியதோடு பொருந்தவில்லை. ஆனால் தங்கள் நினைவில் அவர்களுக்கு அசைக்கமுடியாத உறுதி இருந்தது. அவர்கள் கைப்பட எழுதிய தாளையே காட்டியபோதும் சிலர் இப்போது நினைவிலிருப்பதுதான் சரி என்றார்களாம். 2001 செப்டம்பர் 11 நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்லின. சாதாரண நாளின் நினைவு மங்குவதுபோலவே பெருந்துயர் நாளின் நினைவும் மங்குகிறது. நம்பிக்கை மட்டும் மங்குவதில்லை.

நினைவு தவறுவது மனித இயல்பு. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அது எந்தப் பக்கமாகத் தவறுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நானும் நைசரும் பெரிய நிகழ்வுக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றுகொண்டோம். மாமா வீட்டுத் திண்ணையில் சும்மா கிடந்த பையனைவிட, அழும் தலைமையாசிரியருக்கு முன்னால் நின்ற பையன் சரித்திரத்தில் சற்று இடம் பிடித்தவன் அல்லவா?

1984ஐயே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 31 என்றதும் தமிழ்நாட்டில் நமக்கு நினைவு வருவது வானொலியில் தொடர்ந்து ஒலித்த சோக இசை, மூடிய கடைகள், விடுமுறை. அந்தச் சமயம் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் படுத்திருந்தார், அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. ஆனால் தில்லியில் இருந்த சீக்கியர்களுக்கு நினைவுநாள் அக்டோபர் 31 அல்ல. அதற்குப் பின் வந்த நாட்கள். அரசுக் கணக்குப்படியே தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டார்கள். அண்டை வீட்டுக்காரரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களும் அங்கே இருந்தார்கள். எந்த வீடு சீக்கியர் வீடு என்று கை காட்டியவர்களும் இருந்தார்கள். அந்தத் தெருக்களில் "அன்று நீ எங்கே இருந்தாய்?" என்பது ஆலய வாசலில் பொழுதுபோக்காகப் பேசும் பேச்சல்ல. 2018 டிசம்பரில், முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, தில்லி உயர் நீதிமன்றம் காங்கிரஸ் தலைவர் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பு, தான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த சாட்சிகளின் நினைவின்மேல் நின்றது. கணவனையும் மகனையும் இழந்த பெண் அவர்களுள் ஒருவர்.

ஆக இந்தக் கேள்விக்கு இரண்டு முகம் உண்டு. தூரத்தில் இருந்தவனுக்கு அது கதை. பக்கத்தில் இருந்தவனுக்கு அது சாட்சியம்.

சுனாமி நாளில் சங்கராபுரம் தூரத்தில்தான் இருந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு, திருக்குடும்ப விழா. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஒன்பது மணியை ஒட்டி நம் கரையில் அலை ஏறியது. நாம் திருப்பலி முடித்து வெளியே வரும் நேரம். "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சாம்" என்று யாரோ சொன்னபோது சிலர் சிரித்தோம் என்பதே உண்மை. கடல் எப்படி ஊருக்குள் வரும்? பிறகுதான் வேளாங்கண்ணி நினைவு வந்தது. நம் பக்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே போகாத ஆண்டு உண்டா? தொலைபேசிக் கடை வாசலில் வரிசை நின்றது. அங்கே கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் அடித்துச் செல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தார்கள்.

அந்த நாளை நாம் நன்றாக நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அன்று மாலைக்குள் அரிசியும் வேட்டி சேலையும் பாத்திரமும் சேகரிக்கத் தொடங்கிவிட்டோம். நாம் நல்லவர்களாக இருந்த நாள் அது. அதை மறக்க யாருக்கு மனம் வரும்? கும்பகோணமும் வேறு வகையில் அப்படித்தான். சமையற்கூடத்துத் தீ கூரைக்குத் தாவியது என்று தெரிந்ததும், நாடே அழுத அந்த அழுகையில், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கூரைக் கொட்டகைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. நினைவு ஒரு வேலை செய்தது என்று சொல்லலாம்.

2021 அக்டோபர் 26, தீபாவளிக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, நம் சங்கராபுரம் கடைவீதியிலேயே பட்டாசுக் கடை ஒன்று தீப்பற்றி வெடித்தது. ஐந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மாலை எங்கே இருந்தோம் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் சொல்வோம். சத்தத்தை எங்கே கேட்டோம், புகையை எந்த மாடியிலிருந்து பார்த்தோம், அன்று காலை அதே வீதியில் என்ன வாங்கினோம். சன நெருக்கமான வீதியில் அவ்வளவு வெடி எப்படி அடுக்கிவைக்கப்பட்டிருந்தது என்ற பேச்சு மட்டும் தீபாவளி முடிந்ததும் அடங்கிவிட்டது. அந்தக் கடையைத் தாண்டித்தான் நாமும் தினமும் போய்வந்துகொண்டிருந்தோம்.

இப்போது 2024 ஜூனுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதவைத்ததே அதுதான்.

ஜூன் 18 செவ்வாய்க்கிழமை. கள்ளக்குறிச்சி நகரில் கருணாபுரம். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம். அங்கே பாக்கெட்டில் விற்ற சாராயத்தை வாங்கிக் குடித்தவர்கள் அன்றிரவும் மறுநாள் விடியற்காலையும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மாதவச்சேரி உள்ளிட்ட சுற்று ஊர்களிலும் அதே நிலை. சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் எரிசாராயம் அது. வாசனையிலும் ருசியிலும் அதைக் கண்டுபிடிப்பது கடினம். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, கல்லீரல் அதை உடைக்கும்போது உருவாகும் ஃபார்மிக் அமிலம்தான் கொல்கிறது. முதலில் வயிற்று வலி, வாந்தி. பிறகு கண் மங்கும். கண் நரம்பைத் தாக்குவது அதன் குணம். நேரத்தோடு மருத்துவமனைக்கு வந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் கொடுத்துப் பலரைக் காப்பாற்றலாம். நேரம்தான் எல்லாம்.

அந்த நேரத்தில் என்ன நடந்தது? 19ஆம் தேதி, முதல் சாவுகள் விழுந்த பிறகு, அவை சாராயத்தால் நேர்ந்தவை அல்ல என்று மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. வயிற்று வலி, வலிப்பு, வயது மூப்பு என்று காரணங்கள் வந்தன. இதை நம்பி, வீட்டில் மிச்சமிருந்ததைக் குடித்தவர்களும், மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தவர்களும் உண்டு என்று உறவினர்கள் அப்போதே பத்திரிகையாளர்களிடம் கதறினார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அங்கேயே அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்றும் செய்தி வந்தது. அன்று மாலைக்குள் உண்மை வெளிப்பட்டு, ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. வியாழக்கிழமை கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்தன. மழை வேறு பெய்தது. கடைசியில் 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். பெண்களும் இருந்தார்கள். தாயும் தந்தையும் ஒரே வாரத்தில் போன பிள்ளைகள் இருந்தார்கள்.

அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

இந்தக் கேள்வியை நம் ஊர்க்காரர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். சுனாமிக்கு மணிக்கணக்காய்ப் பேசியவர்கள் இதற்கு ஒரு வரியில் முடித்தார்கள். "டிவியில் பார்த்தேன்." இருபது கிலோமீட்டர் தொலைவில், நாம் பருத்தியும் மக்காச்சோளமும் விற்கப் போகும் ஊரில், நம் பிள்ளைகள் படிக்கப் போகும் ஊரில் நடந்ததை, தில்லியில் நடந்ததுபோல் சொல்கிறோம். நினைவு இங்கே எதிர்ப்பக்கம் தவறுகிறது. இந்திரா காந்தியின் மரணத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் நாம், கருணாபுரத்திலிருந்து விலகிப்போய் நிற்கிறோம்.

காரணம் கேட்டால் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். "குடிச்சு செத்தவங்களுக்கு என்னங்க நினைவுநாள்?" இறந்தவர் குடும்பத்துக்கு அரசு பத்து லட்சம் ரூபாய் அறிவித்தபோது, குடிகாரனுக்குப் பத்து லட்சமா என்று டீக்கடையில் எழுந்த முணுமுணுப்பு பொதுநல வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. வரிப்பணம் பற்றிய கேள்வி நியாயமான கேள்விதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வரிப்பணத்தில் பெரும்பங்கு எந்தக் கடைகளிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டுமல்லவா? அரசுக் கடையில் ஒரு குவார்ட்டர் வாங்கக் கட்டுப்படாதவன், பாதிக்கும் குறைந்த விலையில் கிடைத்த பாக்கெட்டுக்குப் போனான். அவன் செய்ததற்கும் அரசுக் கடைக்குப் போனவன் செய்ததற்கும் உள்ள வேறுபாடு சட்டைப்பையில் இருந்த காசுதான்.

இன்னொரு பழியும் எளிதாகக் கிடைத்தது: கல்வராயன் மலை. சாராயம் என்றாலே நம் பக்கத்தில் மலையைக் காட்டுவது வழக்கம். வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சுவது அங்கே உண்டு, அதை மறைக்க முடியாது. ஆனால் மெத்தனால் மலையில் காய்ச்சி வடிப்பதல்ல. தொழிற்சாலையில் உருவாகி, கணக்கில் இருந்து, எங்கோ கணக்கிலிருந்து நழுவி, கை மாறி வந்தது. மலை மக்களுக்கு நேர்ந்த ஒரே நன்மை, இந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்களுடைய சாலை, மருத்துவம், பிழைப்பு ஆகியவை பற்றி விசாரிக்கத் தொடங்கியது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு கர்ப்பிணியைக் கீழே கொண்டுவரும் பாடு என்ன என்பது இங்கே இருக்கும் நமக்குப் புதுச் செய்தியா என்ன?

மறதிக்கு விலை உண்டு. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மரக்காணம் நம் பழைய விழுப்புரம் மாவட்டத்து ஊர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரியும் வரை நமக்கும் அவர்களுக்கும் ஒரே ஆட்சியர். அப்போதும் பத்து லட்சம் கொடுத்தார்கள், அப்போதும் அதிகாரிகளைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், அப்போதும் இனி நடக்காது என்றார்கள். பதின்மூன்றே மாதம். அதற்கும் முன்னால் 2001இல் பண்ருட்டி. 2023 மே மாதத்தில் எங்கே இருந்தேன் என்று யாராவது நம்மிடம் சொன்னதுண்டா? ஓய்வுபெற்ற நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஆணையம், சிபிசிஐடி, பிறகு 2024 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சிபிஐ என்று 2024 விசாரணை நடந்தது. தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்திச் சட்டமும் திருத்தப்பட்டது. நல்லது. ஆனால் ஆணையங்கள் அதிகாரிகளைத்தான் "அன்று எங்கே இருந்தீர்கள்" என்று கேட்கும். பாக்கெட் எங்கே விற்கிறது என்று ஊரில் யாருக்கெல்லாம் தெரிந்திருந்ததோ அவர்களைக் கேட்பதில்லை. தெரியாதவர் எத்தனை பேர்?

இப்போதெல்லாம் கைபேசியே நாம் இருந்த இடத்தைக் குறித்துவைக்கிறது. 2025 செப்டம்பர் 27இல் கரூர் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தபோது, அங்கே நின்ற எத்தனையோ பேரிடம் அந்த நேரத்துக் காட்சி கைபேசியில் இருந்தது. பழைய ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. எனக்கு ஒரு கணக்கு நோட்டு இருந்தது.

என் தங்கையின் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கள்ளக்குறிச்சியில் அவர்கள் வீடு கட்டியபோது மேற்பார்வை என்னுடையது. வேலை முடிந்து வெகுநாள் கழித்து, கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தங்கை நோட்டைப் பிரித்தாள். அதுவரை நானும், ஜூன் 19ஆம் தேதி காலை சங்கராபுரம் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் செய்தி பார்த்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினேன்.

நோட்டில் என் கையெழுத்தில் இருந்தது இது. "18.6.24 செவ்வாய். கொத்தனார் 2, பெரியாள் 3, சித்தாள் 2. டீ, வடை 140. பெரியாள் கைச்செலவு 100." அடுத்த வரி: "19.6.24 புதன். கொத்தனார் 2, பெரியாள் 2, சித்தாள் 2."

செவ்வாய் மாலை நான் கள்ளக்குறிச்சியில், கட்டட வாசலில் நின்று கூலி கொடுத்திருக்கிறேன். கூலிக்கு மேல் நூறு ரூபாய் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். தளம் போட்ட அன்றோ, வெயிலில் கூடுதலாகக் கலவை தூக்கிய அன்றோ அப்படிக் கொடுப்பது வழக்கம். எதற்கென்று கொடுப்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். கட்டட வேலை நடக்கும் ஊர்களில் இதை யாரும் தவறாக நினைப்பதில்லை. புதன்கிழமை காலையும் நான் அங்கே போயிருக்கிறேன். மூன்று பெரியாளில் ஒருவர் வரவில்லை. எங்காவது போதையில் கிடப்பார் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு என்று எழுதியிருக்கிறேன். மதியம்தான் வீடு திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்திருப்பேன். என் நினைவு அந்த மதியத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, முந்தைய மாலையையும் அன்றைய காலையையும் கழித்துவிட்டிருந்தது.

அவர் இறக்கவில்லை. இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார். பார்வை முழுதாகத் திரும்பவில்லை. புகைக்குள் பார்ப்பதுபோல் தெரிகிறது என்கிறார். சாரம் ஏற முடியாது, கம்பி வளைக்க முடியாது. மனைவி நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிறார்.

சில வாரங்களுக்கு முன் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று நடந்ததை அவரே சொன்னார். எந்த முடுக்கில் வாங்கினார், யார் யாரோடு உட்கார்ந்தார், எந்த நேரத்தில் விளக்கு மங்கலாகத் தெரிந்தது, மனைவியை எழுப்பி "கரண்ட் போச்சா" என்று கேட்டது வரைக்கும். அவரோடு உட்கார்ந்த நால்வரில் இருவர் இல்லை. எல்லாவற்றையும் சொன்னவர், "நீங்க அன்னைக்கு வரலைங்க அண்ணே, சங்கராபுரத்துல இருந்தீங்க" என்றார். அவர் நினைவும் என்னை அங்கிருந்து எடுத்துவிட்டிருந்தது.

"இல்லப்பா, நான்தான் கூலி கொடுத்தேன்" என்றேன். நோட்டை நீட்டினேன். அவர் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா எழுத்துக் கூட்டி, தேதியிலிருந்து அந்த நூறு வரைக்கும் படித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: "அந்த நூறு ரூபாயை நான் கேட்டேனா அண்ணே, நீங்களா குடுத்தீங்களா?"

நோட்டில் அது இல்லை. எனக்கும் நினைவில்லை.